பழைய பச்சை லேபிள் மோர்கன் டாலர்: அதிகம் கொடுத்து வாங்கலாமா?

கேட்டவர் டல்லாஸில் இருக்கிறார். அமெரிக்காவின் பழைய மோர்கன் வெள்ளி டாலர் காசுகளைச் சேகரிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. ஏலத் தளத்தில் 1881-எஸ் (எஸ் என்பது சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி) நாணயம் இரண்டைப் பார்த்திருக்கிறார். இரண்டுமே பிசிஜிஎஸ் என்ற தரமிடும் நிறுவனம் எம்எஸ் 64 (புழங்காத புதுக் காசு, 70-க்கு 64) என்று தரமிட்டுப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தவை. நீல லேபிளில் இருப்பது ஒரு விலை, தொண்ணூறுகளின் பச்சை லேபிளில் இருப்பது அதைவிடக் கால்வாசி அதிகம். "அந்தக் காலத்தில் கிரேடிங் கறார். பழைய டப்பாவில் இருப்பதை வாங்கி மறுபடி அனுப்பினால் 65 வரும்" என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது நிஜமா, பழைய ஸ்லாப்களில், அதாவது அந்த டப்பாக்களில், மலிவாக நல்ல காசைப் பிடிப்பது எப்படி என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அன்றைய கிரேடிங் கறாரா என்பது ஒன்று. அந்தக் கறாரை இன்றைக்கு நீங்கள் பணமாக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் ஆமாம் என்பேன். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. நான் இருபத்திரண்டு வருடமாக மோர்கன் சேர்க்கிறேன், அதில் ஏழு வருடம் சனி ஞாயிறுகளில் ஒரு டீலரின் மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். வெள்ளி டாலர் பற்றிச் சொல்வதை நம்பலாம். தங்கக் காசில் என் கண் அவ்வளவு தேறியதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

கறார் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1 முதல் 70 வரையிலான இந்த அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளுக்காகப் போட்டார். பிறகு அது எல்லா நாணயத்துக்கும் பரவியது. ஆனால் எண்ணை யார் சொல்வது? விற்கும்போது 65 என்ற அதே டீலர், நீங்கள் திருப்பி விற்கப் போனால் "இது 63 சார்" என்பார். இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் மூன்றாம் ஆள் தரமிடுதல் வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் அனாக்ஸ் 1979-இல் படம் ஒட்டிய சான்றிதழில் தரம் எழுதித் தர ஆரம்பித்தது. 1986-இல் பிசிஜிஎஸ் வந்து, நாணயத்தைக் கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் வைத்து முத்திரையிட்டுத் தந்தது. அடுத்த வருடமே போட்டி நிறுவனமான என்ஜிசி. பிசிஜிஎஸ்ஸின் முதல் மூன்று நான்கு வருட டப்பாக்களை ஆட்டினால் உள்ளே காசு கடகடவென்று சத்தம் போடும், அதனால் அவற்றுக்கு 'ராட்லர்' என்றே பெயர். ஒன்றின்மேல் ஒன்று அடுக்க உதவும் வரப்பும் அவற்றின் ஓரத்தில் இருக்காது. அதன்பின் 1998 வாக்கில் நீல லேபிள் வரும்வரை ஓடியதுதான் நீங்கள் பார்த்த வெளிர்பச்சை லேபிள்.

அந்தக் காலத்தில் 64 வாங்கிய பல காசுகள் இன்று போனால் 64-க்கு மேல் வாங்கும் என்பதில் பெரும்பாலான சேகரிப்பாளர்களுக்குச் சந்தேகம் இல்லை. நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, 64-க்கும் 65-க்கும் நடுவே 'பிளஸ்' என்று ஒரு படி 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில், 65-ஐ நூலிழையில் தவறவிட்ட காசும் வெறும் 64 தான். ஆனால் 'பழையது எல்லாமே கறார்' என்பது மிகை. ராட்லரிலேயே தாராளமாகத் தரமிட்ட காசுகளைக் கை நிறையப் பார்த்திருக்கிறேன். தரமிடுவது மனிதர்கள். காலையில் பார்த்த காசுக்கும் சாயங்காலம் பார்த்த காசுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

சரி, கறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் மட்டுமா இதைக் கண்டுபிடித்தீர்கள்? முப்பது வருடமாக ஊர் ஊராகக் காயின் ஷோவுக்குப் போய் பழைய டப்பாக்களைச் சல்லடை போட்டுச் சலிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 64 டப்பாவில் 65 காசு கண்ணில் பட்டால் அன்றே வாங்கி, உடைத்து, மறுபடி அனுப்பிவிடுவார்கள். அந்தக் காசு இப்போது புது லேபிளில், புது எண்ணோடு எங்கோ இருக்கிறது. அப்படியானால் இன்றும் பச்சை லேபிளிலேயே மிச்சம் இருப்பவை எவை? ஏதோ ஒரு வீட்டின் பாங்க் லாக்கரில் முப்பது வருடம் தூங்கிவிட்டு இப்போதுதான் வெளியே வந்தவை கொஞ்சம். பலர் எடுத்துப் பார்த்து, "இது 64 தான்" என்று திரும்ப வைத்தவை நிறைய. இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில்தான் இருக்கும். பிரச்சினையே அங்கேதான்.

2007-இல் சிஏசி வந்தபிறகு சல்லடை இன்னும் நைஸாகிவிட்டது. பிசிஜிஎஸ் தொடக்கத்தில் இருந்தவரும் பிறகு என்ஜிசியை ஆரம்பித்தவருமான ஜான் அல்பனீஸ் நியூஜெர்சியில் தொடங்கியது அது. பிசிஜிஎஸ், என்ஜிசி டப்பாவில் இருக்கும் காசைப் பார்த்து, அந்தத் தரத்துக்கு அது திடமானது என்றால் டப்பாமேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் தங்க ஸ்டிக்கர். தங்க ஸ்டிக்கர் பெரும்பாலும் பழைய டப்பாக்களில்தான் விழும், ஏலத்தில் அது அடுத்த படியின் விலையையே தாண்டிப் போவதும் உண்டு. ஸ்டிக்கர் இல்லாத பழைய டப்பாவுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: அனுப்பியே பார்க்கவில்லை, அல்லது அனுப்பித் தோற்றுத் திரும்பியது. தோற்றதற்கு டப்பாவில் எந்த அடையாளமும் இருக்காது. விலை உயர்ந்த காசு, பழைய லேபிள், பெரிய டீலர் கை, ஸ்டிக்கர் இல்லை என்றால் நான் இரண்டாவது அர்த்தத்தையே எடுத்துக்கொள்வேன்.

உங்கள் 1881-எஸ் காசுக்கு வருவோம். சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அந்த வருடம் அச்சானது 1 கோடியே 27 லட்சத்துக்கும் மேல். அச்சு அழகாக விழுந்திருக்கும், பளபளப்பு பிரமாதம், மூட்டை மூட்டையாகப் புதுசாகவே தப்பிப் பிழைத்தவை. அதனால் மோர்கனிலேயே சுலபமாகக் கிடைப்பதில் அது ஒன்று. அதில் 64-க்கும் 65-க்கும் இடையே விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. மறுபடி தரமிட அனுப்பினால் கட்டணம், போக வரத் தபால், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒற்றைக் காசுக்கு ஐம்பது அறுபது டாலராவது ஆகிவிடும். அதோடு, பச்சை லேபிளுக்கென்று நீங்கள் கூடக் கொடுத்த கால்வாசி, டப்பாவை உடைத்த நிமிடமே போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அத்தனையும் 65 வந்தால்தான். வராவிட்டால் நஷ்டம் முழுசாக உங்களுடையது.

இதற்கு நேர் எதிராக 1896-ஓ மாதிரி ஒன்றைப் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸில் 49 லட்சம் அச்சானது. தேய்ந்த காசு எங்கும் கிடைக்கும், புதுசாக இருப்பது அபூர்வம், 64-இலிருந்து 65-க்கு விலை தாவுவது மலைக்கும் மடுவுக்குமான தாவல். அங்கே ஒரு படி ஏறினால் கார் வாங்கலாம். அதனாலேயே பழைய டப்பாவில் வரும் 1896-ஓ ஒவ்வொன்றையும் நாட்டில் உள்ள கெட்டிக்காரர்கள் எல்லாம் ஏற்கெனவே புரட்டிப் பார்த்திருப்பார்கள். ஆக, சாதாரணக் காசை மேலே ஏற்றி லாபம் இல்லை, அபூர்வக் காசை மேலே ஏற்ற உங்களுக்கு முன்னாலேயே ஆள் இருக்கிறது.

நானும் இதில் சூடுபட்டவன்தான். பத்து வருடத்துக்கு முன் ஒரு ஷோவில் ராட்லர் மோர்கன் ஒன்றை எடுத்தேன். 64 டப்பா. விளக்கடியில் சாய்த்தால் ஒளி காற்றாடி மாதிரிச் சுற்றியது. பக்கத்தில் நின்றவர் "இது 66 சார்" என்று உசுப்பிவிட்டார், நானும் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அதே 64 என்று புது டப்பாவில் திரும்பி வந்தது. ஏன் என்று அப்புறம்தான் பார்த்தேன். காசின் முகப்பில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண்ணின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு நீளமான கோடு, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தெரிகிற மாதிரி. பழைய பிளாஸ்டிக்கின் கீறல் என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தேன். ராட்லருக்கு இருந்த கூடுதல் மதிப்பும் போயிற்று. அந்த டப்பாவின் உடைந்த துண்டுகளை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் மலிவு எங்கே கிடைக்கும்? லேபிள் எதைச் சொல்லாமல் விட்டதோ, அதில். லேபிளில் உள்ள எண்ணை ஊரே படித்துவிடுகிறது. எழுதாமல் விட்டதைப் படிக்க ஆள் குறைவு.

மோர்கனில் இதற்கு நல்ல இடம் அச்சு (காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கட்டை) வேறுபாடுகள். லெராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் இருவரும் ஒவ்வொரு அச்சு இணையையும் பிரித்து எண் போட்டார்கள். வான் ஆலன், மாலிஸ் என்ற பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'வாம்' எண் என்கிறோம். இன்று தனியாகக் கட்டணம் கொடுத்துக் கேட்டால் லேபிளில் வாம் எண்ணைப் போட்டுத் தருவார்கள். பழைய லேபிள்களில், பேர்போன சில வகைகள் நீங்கலாக, பெரும்பாலும் வருடமும் நாணயச்சாலைக் குறியும் மட்டும்தான் இருக்கும்.

எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். அனாக்ஸின் பழைய சின்ன வெள்ளை டப்பா, '1888-ஓ, விஎஃப் 30' என்று மட்டும் லேபிள். தேய்ந்த மோர்கன், கிட்டத்தட்ட வெள்ளி விலைக்கே தருவார்கள். டீலர் நாற்பத்தைந்து டாலர் கேட்டார். ஏழு மடங்கு லென்ஸை வைத்து முகத்தைப் பார்த்தேன். உதடு இரண்டாக இருந்தது. ஒரு உதட்டுக்கு முன்னால் இன்னொரு உதடு, மூக்கின் நுனியிலும் முகவாயிலும் அதே இரட்டைக் கோடு. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு லென்ஸ் இல்லாமலே கண்ணில் அடிக்கும். அச்சு செய்யும்போதே உருவம் கொஞ்சம் விலகி இரண்டு தடவை பதிந்ததால் வந்தது. வாம் 4, சேகரிப்பாளர்கள் 'ஹாட் லிப்ஸ்' என்பார்கள். தேய்ந்த நிலையிலேயே சாதாரண 1888-ஓ காசைப்போல மூன்று நான்கு மடங்கு போகும். 1888-இல் நியூ ஆர்லியன்ஸில் 1 கோடியே 21 லட்சத்துக்கும் மேல் அச்சானதில் அது ஒரே ஒரு அச்சின் பிள்ளைகள். டீலர் ஏமாற்றவுமில்லை, ஏமாறவுமில்லை. அவர் பெட்டியில் அன்று இருநூறு டாலர் காசுகள் இருந்தன, ஒவ்வொன்றின் உதட்டையும் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. இதேபோல 1901-ஐப் பார்த்தால் பின்பக்கம் கழுகின் வாலுக்கடியில் இரட்டை இறகு இருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். அது வாம் 3. ஆனால் அதை எல்லோரும் தேடுகிறார்கள்.

அந்தச் சின்ன வெள்ளை டப்பாவைக் கவனித்தீர்களா? அனாக்ஸை நாணயவியல் சங்கம் 1990 வாக்கில் ஆமோஸ் பிரஸ்ஸுக்கு விற்றுவிட்டது. அதை ஒட்டிய வருடங்களின் சின்ன வெள்ளை டப்பாக்களில் தரம் பொதுவாகக் கறாராக இருக்கும் என்பது என் அனுபவம். சிஏசி அனாக்ஸ் டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. பெரிய ஏலங்களிலும் அவற்றுக்கு மவுசு கம்மி. மேலே சொன்ன சல்லடைக்காரர்கள் அங்கேயும் வருவார்கள்தான், ஆனால் கூட்டம் குறைவு. நான் மலிவாக எடுத்தவற்றில் பாதிக்கு மேல் இந்த டப்பாவில் வந்தவை. இதை வெளியே சொல்வது எனக்கே நஷ்டம், போகட்டும்.

மோர்கன் தவிர வேறு பக்கம் போக நினைத்தால், 1950 முதல் 1963 வரையிலான ஃபிராங்க்ளின் அரை டாலர் புரூஃப் காசுகளை (சேகரிப்பாளர்களுக்கென்றே தனியாக, மெருகேற்றி அச்சிட்டவை) பாருங்கள். கண்ணாடி போன்ற தளத்தின்மேல் உருவம் மட்டும் பனி படர்ந்தது மாதிரி வெள்ளையாக நின்றால் அதற்கு 'கேமியோ' என்று பெயர், விலையும் தனி. ஆரம்பகால லேபிள்களில் பலவற்றுக்கு அந்தக் குறிப்பைப் போடவில்லை. விற்பவர் எடுத்த தட்டையான படத்தில் அது தெரியாது, நேரில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் புண்ணியமில்லை.

பார்க்கும் முறை ஒன்றுதான். ஒற்றை மேஜை விளக்கு, மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். டப்பாவை வெளிச்சத்துக்கடியில் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய டப்பா என்றால் பிளாஸ்டிக்கில் கீறல் நிறைய இருக்கும். டப்பாவைச் சாய்க்கும்போது கோடு காசின் மேல் நகர்ந்தால் அது பிளாஸ்டிக்கில் இருக்கிறது, காசோடு ஒட்டி நின்றால் காசில் இருக்கிறது. நான் அன்று செய்யத் தவறியது இதுதான். அடுத்து லிபர்ட்டியின் கன்னம். ஆயிரம் ஆயிரமாகத் துணிமூட்டையில் கட்டி எறிந்த காசுகள், ஒன்றோடொன்று மோதிய தடம் முதலில் தெரிவது கன்னத்தில்தான். முடியில் நாலு தடம் இருந்தாலும் மன்னிப்பார்கள், கன்னத்தில் ஒன்று பட்டால் தரம் இறங்கும். நியூ ஆர்லியன்ஸ் காசு என்றால் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் நெஞ்சும் அச்சு சரியாக விழாமல் தட்டையாக இருக்கும். அது தேய்மானம் அல்ல. அந்த இடத்தில் பளபளப்பு உடையாமல் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் காசு புதுசுதான். இந்தக் குழப்பத்தில் ஒரு படி குறைத்துத் தரமிட்ட பழைய 'ஓ' காசுகள் உண்டு.

கவனமாக இருக்கவேண்டியவை சில. பழைய டப்பாவில் 'ஆர்டி' என்று போட்ட சிவப்புச் செம்பு சென்ட்டை லேபிளை நம்பி வாங்காதீர்கள். முப்பது வருடத்தில் டப்பாவுக்குள்ளேயே அது பழுப்பாகியிருக்கலாம், 2010 முதல் செம்பின் நிறத்துக்கு பிசிஜிஎஸ் உத்தரவாதமும் தருவதில்லை. வெள்ளியில் பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம் தெரிந்தால், தரமிடும் முன் அது இருந்த மென்மையான பிளாஸ்டிக் உறையின் மிச்சம். மெல்ல மெல்லக் காசைத் தின்னும். போலி டப்பாவும் நிறைய வந்துவிட்டது. சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஆனால் நிஜமான எண்ணையே போலி டப்பாவில் அச்சடிப்பார்கள். புதிய டப்பாக்கள் பலவற்றுக்கு ஒப்பிட நிறுவனமே எடுத்த படம் இருக்கும், பழையவற்றுக்குப் பெரும்பாலும் இருக்காது. மோர்கனின் எடை 26.73 கிராம், டப்பாவுக்குள் இருப்பதை எடை போட்டும் பார்க்க முடியாது. ஆகையால் ஆரம்பத்தில் ஆள் தெரிந்த டீலரிடமே வாங்குங்கள். ஏலத்தில் வாங்கினால், ஏலம் முடிந்த சுத்தியல் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, பெரிய ஏல நிறுவனங்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோகூடப் போகும். 'மலிவாக விழுந்தது' என்று துள்ளுவதற்கு முன் அதைக் கூட்டிப் பாருங்கள்.

நீங்கள் பார்த்த அந்தப் பச்சை லேபிள் 1881-எஸ் பற்றி நேராகவே சொல்கிறேன். பழைய டப்பாவே ஒரு சேகரிப்பு என்று பிடித்துப்போய் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், நானும் அப்படி ஏழெட்டு வைத்திருக்கிறேன். உடைத்து ஏற்றுவதற்காக என்றால் அந்தக் கால்வாசியைக் கொடுக்கவேண்டாம். ஏலம் இன்னும் முடியவில்லை என்றால், விற்பவரிடம் விளக்கை ஒரு பக்கமாக வைத்துச் சாய்த்தெடுத்த படம் இரண்டு கேளுங்கள், ஒன்று இடமிருந்து, ஒன்று வலமிருந்து. அவற்றை இங்கே போட்டால் கன்னத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.